இரண்டு முறை ஐவிஎஃப் பலிக்கவில்லை; அடுத்தது வாடகைத் தாயா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மணமாகி ஏழு ஆண்டுகள். மனைவிக்கு 36 வயது. இரண்டு கருக்குழாய்களிலும் அடைப்பு. கருமுட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கி உள்ளே வைக்கும் ஐவிஎஃப் சிகிச்சையை இரண்டு முறை செய்தும் கரு தங்கவில்லை. "இத்தனை ஊசியும் செலவும் எதற்கு? ஐவிஎஃப்பை விட்டுவிட்டு வாடகைத் தாய் முறைக்குப் போய்விடலாமே" என்று வீட்டில் சொல்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம், எது சீக்கிரம் பலன் தரும் என்று கேட்கிறீர்கள்.

கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்களில் நானும் ஒருவர். கருமுட்டையும் விந்தணுவும் சேரும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆள். அங்கிருந்து பார்த்தால் உங்கள் வீட்டார் சொல்வதில் அடிப்படையிலேயே ஒரு குழப்பம் தெரிகிறது. ஐவிஎஃப்பை விட்டுவிட்டு வாடகைத் தாய் முறைக்குப் போக வழியே இல்லை. வாடகைத் தாயின் வயிற்றில் வைக்க வேண்டிய கருவையும் ஐவிஎஃப் மூலமாகத்தான் உருவாக்கியாக வேண்டும். உறைய வைத்த கரு கையில் இல்லையென்றால், உங்கள் மனைவி மறுபடியும் அதே ஊசிகளைப் போட்டுக்கொண்டு அதே சிகிச்சை மேசையில் படுத்துத்தான் கருமுட்டை கொடுக்க வேண்டும். மாறுவது கடைசிப் படி ஒன்றுதான்: உருவான கரு யாருடைய கர்ப்பப்பைக்குள் போகிறது என்பது.

பெண்ணை நிலத்தோடு ஒப்பிடும் பழைய வழக்கம் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் இதைப் புரியவைக்க நெல் சாகுபடியைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. ஐவிஎஃப் என்பது நாற்றங்கால். வாடகைத் தாய் என்பது, அந்த நாற்றை வேறொருவர் வயலில் நடுவதற்குச் செய்துகொள்ளும் ஏற்பாடு. நாற்று விடாமல் நடவுக்குப் போகிறவர் யாரும் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: நாற்றே நோஞ்சானாக இருந்தால் வயலை மாற்றிப் பயனில்லை. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இந்த வாக்கியத்தில் இருக்கிறது.

ஐவிஎஃப்பில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆய்வகத்துக்குள் நடப்பது தெரிந்திருக்காது. இயல்பாக மாதம் ஒரு கருமுட்டைதான் முதிரும். பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி போட்டால் பல முட்டைகள் ஒன்றாக முதிர்கின்றன. கடைசி ஊசி போட்டு ஏறக்குறைய 36 மணி நேரத்தில் அவற்றை உறிஞ்சி எடுத்து எங்களிடம் தருவார்கள். பத்து முட்டை வந்தால் எட்டு முதிர்ந்ததாக இருக்கும். விந்தணுக்களை அவற்றைச் சுற்றி விடுவோம். விந்தணு பலவீனமாக இருந்தால் ஒன்றே ஒன்றைக் கண்ணாடி ஊசியில் எடுத்து முட்டைக்குள்ளேயே செலுத்துவோம். அதற்கு இக்ஸி என்று பெயர். 1992 முதல் வழக்கத்தில் இருக்கிறது. மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, கருவுற்ற முட்டைக்குள் இரண்டு சிறு வட்டங்கள் அருகருகே தெரியும். ஒன்று தாயிடமிருந்து வந்தது, மற்றது தந்தையிடமிருந்து வந்தது. எத்தனையோ முறை பார்த்தும் எனக்குச் சலிக்காத காட்சி அது. அந்த எட்டில் ஆறு இப்படிக் கருவுறலாம். ஐந்தாம் நாள் பார்த்தால் இரண்டோ மூன்றோதான் கர்ப்பப்பையில் பதியத் தயாரான பிளாஸ்டோசிஸ்ட் என்னும் நிலைக்கு வளர்ந்திருக்கும். மீதி வழியிலேயே நின்றுவிடும். பத்து முட்டை என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட தம்பதியிடம் ஐந்தாம் நாள் "இரண்டுதான்" என்று சொல்வது இந்த வேலையின் கசப்பான பகுதி.

சோதனைக்குழாய் குழந்தை என்ற பெயரும் சரியில்லை. கரு எந்த நாளிலும் சோதனைக்குழாயில் வளர்வதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் தட்டையான பிளாஸ்டிக் கிண்ணத்தில்தான் வளர்கிறது. பெயர் நிலைத்துவிட்டது, போகட்டும்.

உங்களுக்கு ஆறுதலாக ஒரு பழைய செய்தி. ஐவிஎஃப் மூலம் பிறந்த முதல் குழந்தை லூயிஸ் பிரவுன், 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் பிறந்தார். அவருடைய தாய்க்கு இருந்த பிரச்சினை இரண்டு கருக்குழாய்களிலும் அடைப்பு. உங்கள் மனைவிக்கு இருப்பதும் அதுதான். முட்டையும் விந்தணுவும் சந்திக்கும் பாதை அடைபட்டிருக்கிறது, அந்தச் சந்திப்பை வெளியே நடத்தி உள்ளே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்ற யோசனையிலிருந்துதான் இந்தச் சிகிச்சையே பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாய் என்ற மருத்துவரின் முயற்சியில் துர்கா என்றழைக்கப்பட்ட குழந்தை பிறந்தது. அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவர் சொன்னது உண்மை என்று மற்ற விஞ்ஞானிகள் எடுத்துக்காட்ட 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி வாடகைத் தாய். இதில் முன்பு இரண்டு வகை இருந்தது. பழைய வகையில், கணவரின் விந்தணுவை வாடகைத் தாயின் உடலில் செலுத்துவார்கள். கருமுட்டை அந்தப் பெண்ணுடையதே. அப்படியானால் பிறக்கும் குழந்தைக்கு உடலால் தாய் அவரேதான். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1986இல் இப்படிப் பிறந்த ஒரு பெண் குழந்தையை, சுமந்தவர் கொடுக்க மறுத்தார். 'பேபி எம்' வழக்கு என்று உலகமே பேசியது. பணம் கொடுத்துச் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று 1988இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. குழந்தை தந்தையிடம் வளர வேண்டும், சுமந்தவர் வந்து பார்க்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. இந்தச் சிக்கலை ஓரளவுக்கு அவிழ்த்தது ஐவிஎஃப்தான். கருவை வெளியே உருவாக்க முடியும் என்று ஆன பிறகு, சுமப்பவரின் கருமுட்டை தேவைப்படவில்லை. இன்று இந்தியச் சட்டம் அனுமதிப்பது இந்த இரண்டாவது வகையை மட்டுமே. வாடகைத் தாயாக வருபவர் தன் கருமுட்டையைக் கொடுக்கக் கூடாது.

இதிலிருந்து, வெட்கப்பட்டுக்கொண்டு எல்லோரும் கேட்கும் கேள்விக்கு விடை கிடைக்கிறது: குழந்தை யார் ஜாடையில் இருக்கும்? முட்டை உங்கள் மனைவியுடையது, விந்தணு உங்களுடையது என்றால் நிறமும் மூக்கும் ரத்தப் பிரிவும் உங்கள் இருவரிடமிருந்தே வரும். சுமப்பவரின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் நேராகக் கலப்பதில்லை. நஞ்சுக்கொடி வழியாக ஊட்டமும் பிராணவாயுவும் கடந்து போகின்றன. அதற்காக அவர் வெறும் பாத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், சாப்பாடு, மன அமைதி எல்லாம் குழந்தையின் எடையையும் உடல்நலத்தையும் பாதிக்கும்.

ஆகவே "எது நல்லது" என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, "குறை எங்கே இருக்கிறது" என்று கேளுங்கள். கருக்குழாய் அடைப்பு என்றால் ஐவிஎஃப் போதும். விந்தணு குறைவு என்றால் இக்ஸி. இளவயதிலேயே மாதவிடாய் நின்று முட்டை தீர்ந்துவிட்டால், தானம் பெற்ற கருமுட்டையோடு ஐவிஎஃப் செய்து, மனைவியே சுமக்கலாம். கர்ப்பப்பை நன்றாக இருக்கும்போது இன்னொருவர் சுமக்க வேண்டியதில்லை. முட்டை நன்றாக இருந்து கர்ப்பப்பை இல்லாமலோ கெட்டோ போயிருந்தால், அல்லது சுமப்பதே உயிருக்கு ஆபத்தாக இருந்தால் மட்டுமே வாடகைத் தாய் என்ற பேச்சு வர வேண்டும். ஏறக்குறைய ஐயாயிரம் பெண்களில் ஒருவர் பிறவியிலேயே கர்ப்பப்பை இல்லாமல் பிறக்கிறார். சினைப்பை சரியாகவே இருக்கும், வயதுக்கு வராததால்தான் விஷயமே தெரியவரும். பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை அகற்றியவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பமானால் உயிருக்கே ஆபத்து என்னும் அளவுக்கு இதயநோய் உள்ளவர்களும் உண்டு.

நம் நாட்டில் இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டும் நோய் ஒன்று உண்டு: காசநோய். நுரையீரலோடு நிற்காமல் அது கருக்குழாய்க்கும் கர்ப்பப்பைக்கும் போகும். பெரும்பாலும் வலியே இல்லாமல் வந்து போய்விடுவதால், குழந்தைக்காகப் பரிசோதனை செய்யும்போதுதான் பிடிபடும். கருக்குழாயை மட்டும் அடைத்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஐவிஎஃப் போதும். கர்ப்பப்பையின் உட்சவ்வைத் தின்று, சுவர்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்தால் எத்தனை நல்ல கருவை வைத்தாலும் பதியாது. அவருக்குத்தான் வாடகைத் தாய் தேவைப்படுகிறது. நோய் ஒன்று, அது தங்கிய இடம் வேறு, அதனால் சிகிச்சையும் வேறு.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் சொன்னதில் கர்ப்பப்பையில் குறை என்று எதுவும் இல்லை. இரண்டு முறை பலிக்கவில்லை என்பதையே அதற்குச் சான்றாக வீட்டார் எடுத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 36 வயதில் ஒரு கருமாற்றத்தில், அதாவது உருவான கருவைக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஒரு முயற்சியில், குழந்தை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 30 என்று வைத்துக்கொண்டால், இரண்டு முறை தொடர்ந்து தோற்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 49. எந்தக் கோளாறும் கூடுதலாக இல்லாத தம்பதிகளிலும் பாதிப் பேர் உங்கள் நிலையில்தான் இருப்பார்கள். இது துரதிர்ஷ்டமே தவிர, கர்ப்பப்பையின் மீதான குற்றச்சாட்டு அல்ல.

கரு தங்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது கருவிலேயே, மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம்களில் உள்ள பிழை. பெண்ணின் வயது ஏற ஏற முட்டையில் இந்தப் பிழை கூடுகிறது. 35க்குப் பிறகு வேகமாகவும் 40க்குப் பிறகு கடுமையாகவும். பிழையுள்ள கருவை 25 வயதுப் பெண்ணின் கர்ப்பப்பையில் வைத்தாலும் அது தங்காது. நோஞ்சான் நாற்று என்று மேலே சொன்னது இதைத்தான். வாடகைத் தாய்க்கு இளவயது, அதனால் பலன் நிச்சயம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். கருவின் வயது முட்டையின் வயதுதான்.

ஆனால் உங்கள் மருத்துவரிடம் நீங்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அடைபட்ட கருக்குழாயில் நீர் கோத்திருக்கிறதா? அடைப்பு கர்ப்பப்பையிலிருந்து தள்ளி, மறுமுனையில் இருந்தால், குழாய் வீங்கி உள்ளே நீர் தேங்கும். அந்த நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கர்ப்பப்பைக்குள் கசியும்போது, நாங்கள் வைத்த கரு பதிய முடியாமல் போகிறது. இப்படி நீர் கோத்த குழாய் இருப்பவர்களுக்கு ஐவிஎஃப் பலிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். வயிற்றில் சிறு துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலம் அந்தக் குழாயை அகற்றியோ, கர்ப்பப்பையோடு சேரும் இடத்தில் கிளிப் போட்டு மூடியோ விட்டுக் கருமாற்றம் செய்தால் வாய்ப்பு திரும்பக் கூடுகிறது. குழாயை எடுத்துவிட்டால் இயற்கையாக எப்படிக் கருத்தரிப்பது என்று பலர் தயங்குவார்கள். அது ஏற்கெனவே அடைபட்ட குழாய். இருந்து செய்யும் உதவி எதுவும் இல்லை, கெடுதல் மட்டும்தான். இதைப் பார்க்காமல் மூன்றாவது கருமாற்றத்துக்கும் போகாதீர்கள், வாடகைத் தாயையும் தேடாதீர்கள். கூடவே ஹிஸ்டெரோஸ்கோப்பி செய்து கர்ப்பப்பையின் உட்புறத்தை ஒரு முறை நேராகப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் வாடகைத் தாய்தான் வழி என்று வந்தால், அடுத்து நிற்பது சட்டம். 2022 ஜனவரி முதல் இந்தியாவில் இரண்டு சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன: ஒன்று கருத்தரிப்பு மையங்களுக்கு, மற்றொன்று வாடகைத் தாய் முறைக்கு. சட்டமே இப்படி இரண்டாகப் பிரிந்திருப்பது உங்கள் கேள்விக்கு ஒரு விடைதான். ஐவிஎஃப்புக்குப் பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 வயது என்ற வரம்புக்குள் இருந்தால், மையமும் நீங்களும் கையெழுத்துப் போட்டுத் தொடங்கிவிடலாம். தனித்து வாழும் பெண்ணும் செய்துகொள்ளலாம். வாடகைத் தாய் முறைக்கு அப்படி இல்லை. தம்பதி மணமானவர்களாக, மனைவி 23 முதல் 50, கணவர் 26 முதல் 55 வயதுக்குள் இருக்க வேண்டும். பெற்றதோ தத்தெடுத்ததோ, உயிருடன் ஒரு குழந்தை இருக்கக் கூடாது; தீராத நோயோ குறைபாடோ உள்ள குழந்தை என்றால் விலக்கு உண்டு. தனித்து வாழும் பெண்களில் கைம்பெண்ணும் விவாகரத்தானவரும் மட்டும், அதுவும் 35 முதல் 45 வயதுக்குள் இருந்தால், இந்த வழியை நாடலாம்.

மருத்துவக் காரணம் இருக்கிறது என்று மாவட்ட மருத்துவக் குழு சான்றளிக்க வேண்டும். பலமுறை ஐவிஎஃப் செய்தும் கரு பதியாமல் போவதையும் விதிகள் ஒரு காரணமாக ஏற்கின்றன என்பது உண்மைதான். எத்தனை முறை என்று எண் எதுவும் இல்லை, குழுதான் முடிவு செய்யும். பிறகு, குழந்தையின் பெற்றோர் யார், யாரிடம் வளரும் என்று முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க வேண்டும். சுமப்பவருக்கு 36 மாதங்களுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். இவையெல்லாம் முடிந்த பிறகுதான் கருமாற்றம். அதிகபட்சம் மூன்று முறை முயலலாம். எது சீக்கிரம் என்று கேட்டீர்களே, இந்தத் தாள்களின் வரிசையைப் பார்த்து நீங்களே சொல்லிவிடலாம்.

சுமக்க வருபவர் 25 முதல் 35 வயதுக்குள், மணமானவராக, சொந்தக் குழந்தை உள்ளவராக இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறைதான். நெருங்கிய உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்று முன்பு மசோதாவில் இருந்தது. சட்டமானபோது அது எடுக்கப்பட்டுவிட்டது. கருவை வைக்கும் நிமிடம் வரை அவர் மனம் மாறி விலகலாம். அவர் சம்மதம் இல்லாமல் கருக்கலைப்பு செய்ய முடியாது. தானம் பெற்ற முட்டையோ விந்தணுவோ வேண்டுமென்றால், 2024 பிப்ரவரியில் வந்த திருத்தத்தின்படி மாவட்ட மருத்துவக் குழுவின் சான்றோடு ஒன்றை மட்டும் தானமாகப் பெறலாம். மற்றொன்று தம்பதியுடையதாக இருந்தாக வேண்டும். பிறக்கும் குழந்தை சட்டப்படி உங்கள் குழந்தையே; தத்தெடுக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, குழந்தை கைக்கு வந்த நாளிலிருந்து 12 வாரம் விடுப்பு உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் கொடுக்கக் கூடாது. மருத்துவச் செலவு, காப்பீடு, விதிகளில் சொன்ன செலவுகள் தவிர எதுவும் கூடாது. 'வாடகைத் தாய்' என்று நாம் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம். சட்டப்படி வாடகைதான் அங்கே தடை செய்யப்பட்டது. 'இரவல் தாய்' என்று சிலர் எழுதுவது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 2015 வரை குஜராத்தின் ஆனந்த் நகருக்கு வெளிநாட்டுத் தம்பதிகள் இதற்காக வந்துபோன காலம் ஒன்று இருந்தது. 2008இல் ஒரு ஜப்பானியத் தம்பதி குழந்தை பிறக்கும் முன்பே விவாகரத்து செய்துகொள்ள, பிறந்த பெண் குழந்தை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நின்று, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்படிப்பட்ட பல கதைகளின் முடிவில்தான் இந்தக் கட்டுப்பாடுகள் வந்தன. இன்று "ஆள் நான் பார்த்துத் தருகிறேன், இத்தனை லட்சம்" என்று யாராவது சொன்னால் அவர் இடைத்தரகர். இந்தக் குற்றத்துக்கு மையத்துக்கும் தரகருக்கும் பத்து ஆண்டுகள் வரை சிறை. பணம் கொடுத்துப் பெற முயலும் தம்பதிக்கும் முதல் முறையே ஐந்து ஆண்டுகள் வரை.

சட்டத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பணம் கூடாது என்றதும் தம்பதிகள் உறவுக்குள் தேடத் தொடங்குகிறார்கள். கணவரின் தங்கை, மனைவியின் அண்ணி, பெரும்பாலும் அந்த வீட்டில் வசதி குறைந்தவர். 'மனமுவந்து' என்று படிவத்தில் கையெழுத்துப் போடும் பெண்ணால் அந்தக் குடும்பத்தில் 'முடியாது' என்று சொல்லியிருக்க முடியுமா என்பதை எந்தச் சான்றிதழும் காட்டாது. அவர் வாரக்கணக்கில் ஹார்மோன் மாத்திரை போட்டுக்கொள்வார். பத்து மாதம் சுமப்பார். அநேகமாக அறுவை சிகிச்சையில் பெறுவார். பால் சுரக்கும் மார்போடு வெறும் கையுடன் வீடு திரும்புவார். உங்கள் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தவர்கள் மனதில் யாரையாவது வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பெண்ணிடம் தனியாக, பெரியவர்கள் யாரும் இல்லாத இடத்தில், ஒரு முறை பேசச் சொல்லுங்கள்.

ஆனால் அது பிறகு. இப்போது உங்கள் மையத்திலிருந்து இரண்டு முறைக்குமான ஆய்வகக் குறிப்புகளை வாங்குங்கள். கேட்டால் தருவார்கள், அது உங்கள் உரிமை. எத்தனை முட்டை எடுத்தார்கள், எத்தனை கருவுற்றது, வைத்த கரு மூன்றாம் நாளுடையதா ஐந்தாம் நாளுடையதா, அதற்கு என்ன தரம் கொடுத்தார்கள், அன்று உட்சவ்வின் தடிமன் எவ்வளவு என்று பாருங்கள். முக்கியமாக, உறைய வைத்த கரு ஏதாவது மீதி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், குழாயில் நீர் கோத்திருந்தால் அதைச் சரிசெய்த பிறகு அதையே உங்கள் மனைவிக்கு வைக்கலாம். முட்டை எடுக்கும் ஊசிகள் அந்த முறை தேவைப்படாது.